கார்ட் கிடைக்காத வீடு

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் தம்பிமாருக்கும் தங்கச்சிமாருக்கும்,

சோதனைத் தரவுத்தளத்தைத் துப்புரவு செய்யப் போகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். நல்ல காரியம். என் காலத்திலும் பலர் அப்படி நினைத்ததுண்டு. நினைத்த களைப்பில் பிளேன்டீ குடிக்கப் போய்விடுவோம்.

அங்கே வீடுகள் தொகுப்பில் ஓர் ஆவணம் கிடக்கிறது. அதில் தொலைபேசி இலக்கம் இல்லை, முகவரி இல்லை, வேறெந்தத் தொகுப்பிலும் அதற்குச் சோடி இல்லை. ‘மஜீத் வீடு’ என்ற பெயர் மட்டும் உண்டு. “ஒன்றோடும் சேராத குப்பை, அழித்துவிடலாமா?” என்று உங்களில் ஒருவர் கேட்டாராம். அழிக்க வேண்டாம். அந்தக் குப்பை நான்தான்.

என்னை உங்களில் பலருக்குத் தெரியாது. கழுத்தெலும்பு தேய்ந்து ஓய்வு பெற்றவன். “இனிக் கம்பியூட்டரை மறந்துவிடுங்கள்” என்றார் வைத்தியர். அதற்கு முன்பே கம்பியூட்டர் என்னை மறக்கத் தொடங்கியிருந்தது என்பதை அவரிடம் நான் சொல்லவில்லை.

அப்போது நம் அலுவலகம் கல்முனைப் பிரதான வீதியில் ஒரு புடவைக் கடையின் மேல்மாடியில் இருந்தது. கீழே கூறைப் புடவை விரித்துக் காட்டுவார்கள்; மேலே நாங்கள் கலியாண மண்டபங்களுக்கு மென்பொருள் செய்வோம். ஜன்னலைத் திறந்தால் “அக்கரைப்பற்று, பொத்துவில்” என்று பஸ் நடத்துநரின் குரல் வரும். மூடினால் வியர்வை வரும். முதலாளி என் பள்ளித் தோழர். ஹஜ்ஜுக்குப் போய் வந்த நாளிலிருந்து ஊரே அவரை ஹாஜியார் என்றது. வகுப்பில் ஒரே வாங்குப் பலகையில் இருந்து ஒன்றாக அடி வாங்கிய உரிமையில் நான் மட்டும் மச்சான் என்பேன். மூன்றாவது ஆள் ஜெசிந்தா. சொறிக்கல்முனையிலிருந்து ஸ்கூட்டியில் வருவாள். எங்கள் மூவரில் உண்மையாக வேலை தெரிந்தவள். ஒரு நிரல் மொத்தமாகச் சரிந்து கிடந்தாலும் “சேர், சின்னதா ஒண்டு பாக்கோணும்” என்பதற்கு மேல் ஒரு சொல் சொல்லமாட்டாள்.

நாங்கள் ஆவணத் தரவுத்தளத்துக்குப் போனதற்கு எங்கள் ஊர்தான் காரணம். இந்த ஊர் வீடுகளைக் கட்டம் போட்டு அடைக்க முடியாது. ஒரு வீட்டுக்கு மூன்று தொலைபேசி. இன்னொரு வீட்டின் முகவரி, ‘பள்ளிவாசலுக்குப் பின்னால, நீலக் கேற்’. மற்றொரு வீட்டுக்காரர் கட்டாரில் இருப்பார். இங்கே கலியாண விருந்தில், பலர் சுற்றியிருந்து ஒன்றாக உண்ணும் சகன் தட்டில் உட்காரப் போவது அவருடைய மாமனார். ஆகவே ஒவ்வொரு வீடும் தனக்கு ஏற்றபடி எழுதப்பட்ட ஓர் ஆவணமாக இருக்கட்டும் என்று முடிவெடுத்தோம். இல்லாத விவரத்துக்கு வெற்றுக் கட்டம் வேண்டாம். அந்தப் பேச்சையே எடுக்காமல் விட்டுவிடலாம். அந்த வசதிதான் பிறகு எங்களைக் கோமாரிக் கிராமம் வரை இழுத்துக்கொண்டு போனது.

முதல் மண்டபத்துக்கு விற்பதற்கு முன் ஒரு கலியாணத்தில் ஓட்டிப் பார்க்க வேண்டியிருந்தது. அந்த நேரம் பார்த்து ஹாஜியாரின் ஒரே மகளுக்குக் கலியாணம் முற்றானது.

“மச்சான், என்ட மகள்ட கலியாணத்துல ஓட்டிப் பாப்பம்” என்றார்.

“பிழைச்சா?”

“பிழைச்சா நம்மட ஆக்கள்தானே. ஏசிட்டு விட்டுடுவாங்க.”

நம்மட ஆக்கள் ஏசிட்டு விடுகிறவர்கள் அல்ல என்பது எங்கள் இருவருக்குமே தெரியும்.

நான் எழுதினேன், ஜெசிந்தா பார்த்தாள், ஹாஜியார் மெச்சினார். இடப்பக்கம் வீடுகள், வலப்பக்கம் அழைப்புகள். அழைப்பிதழ் எழுதியதும் ஓர் அழைப்பு ஆவணம் பிறக்கும். கொண்டுபோய்க் கொடுத்ததும் அதன் நிலை ‘கொடுத்தாயிற்று’ என்று மாறும். பின்னேரம் ஆனால் ஹாஜியார் ஒரே கேள்விதான் கேட்பார்: “மிச்சம் ஆரு?” அதற்கென்று ஒரு திரை. மகன்மாரும், உடன்பிறந்தாள் பிள்ளைகளான மருமகன்மாரும் அதைப் பார்த்துத்தான் மோட்டார் சைக்கிளைக் கிளப்புவார்கள்.

இனி நம் ஊர் வழக்கம் ஒன்று. உங்களில் வெளியூர்ப் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். தூரத்து ஆட்களுக்குத்தான் கார்ட் கொடுப்பது. நெருங்கிய சொந்தத்துக்குக் கார்ட் கொடுத்தால் “நான் என்ன பேங்க் மனேஜரா?” என்று திருப்பித் தருவார்கள். அவர்களுடைய வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றி, உள்ளே போய் இருந்து, கொடுத்ததைக் குடித்து, வாயால் சொல்ல வேண்டும், எங்கள் பேச்சில் ‘செல்ல’ வேண்டும். அப்படிச் சொல்லாதவரை, பந்தலுக்குக் கம்பு ஊன்றியவராக இருந்தாலும் அவருக்குக் கலியாணம் தெரியாது.

எனக்கும் கார்ட் வரவில்லை. வராது என்று தெரியும். வாயால் சொல்ல வருவார் என்று காத்திருந்தேன். ஜெசிந்தாவுக்குக் கார்ட் வந்தது. கீழே புடவைக் கடையில் துணி அளக்கிறவருக்கும் வந்தது. என் வீட்டுக்கு ஒருவரும் வரவில்லை. மனைவி சோறு போடும்போதெல்லாம் கேட்பாள்:

“உங்கட கூட்டாளிர மகள்ட கலியாணத்துக்கு நாம போறமா, மதில்ல ஏறிப் பாக்கிறமா?”

ஒருநாள் பின்னேரம் திரை வெறுமையானது. மிச்சம் யாருமில்லை. ஹாஜியார் எல்லோருக்கும் பலூடா வாங்கிக் கொடுத்தார். நானும் குடித்தேன். இனிப்பாகத்தான் இருந்தது, அதுதான் ஆத்திரம். மிச்சம் யாருமில்லை என்றால் அந்தப் பட்டியலில் நான் முதலிலிருந்தே இல்லை என்றுதானே பொருள்? பள்ளிக்கூட வாங்கிலிருந்து தொடர்ந்த சிநேகத்தை அந்தக் கிளாஸின் அடியில் கிடந்த கசகசாவோடு சேர்த்துக் கணக்கு முடித்தேன்.

தம்பிமாரே, தங்கச்சிமாரே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். எனக்குச் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும். எல்லோருக்கும் சொல்லியாயிற்று என்று திரை காட்டுகிறது. இரண்டும் ஒன்றாக உண்மையாக இருக்க முடியாது. இதைவிடப் பெரிய துப்பு ஒரு நிரலாளனுக்கு வேண்டுமா? ஆனால் நான் எழுதிய வரிகளைச் சந்தேகிப்பதைவிட என் சிநேகிதனைச் சந்தேகிப்பது எனக்கு இலகுவாக இருந்தது.

கலியாணத்துக்கு முதல் நாள் காலையில், கணக்கு முடித்தவனாக இருந்தும் நான் பந்தல் வேலையில் நிற்க, ஹாஜியாரின் வீட்டு வாசலில் ஒரு லொறி தேங்காய் வந்து நின்றது. ஹாஜியாரின் காக்கா, அதாவது கூடப் பிறந்த மூத்தவர், கோமாரியில் தென்னந்தோட்டம் செய்கிறார். கறிக்கும் வட்டிலாப்பம் என்ற இனிப்புக்கும் தேங்காய் அவர் பொறுப்பு. லொறிச் சாரதி இறங்கி வந்தார்.

“ஹாஜியார், தேங்கா எங்க எறக்கிற?”

“பின்னால, குசினிப் பக்கம். காக்கா எங்க, முன் சீட்டுல இரிக்காரா?”

“அவர் வரல்ல.”

“பின்னேரம் பஸ்ஸுலயா வாறார்?”

சாரதி தலையைச் சொறிந்தார். “வரமாட்டாராம் ஹாஜியார். அவருக்குச் செல்லல்லையாம்.”

“செல்லல்லையா? நேத்தும் போன்ல கோல் எடுத்துக் கதைச்சனே!”

“ஓம், அதையும் செல்லச் சொன்னவர். தேங்காய்க்குத்தான் கோல் எடுத்தீங்களாம். தேங்கா வந்திரிக்கு.”

ஹாஜியார் இறக்கிய தேங்காய்க் குவியலின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். அவரைத் தன் சைக்கிள் பாரில் வைத்துப் பள்ளிக்கு ஏற்றிப் போன மனிதர் அந்தக் காக்கா. வாப்பா மௌத்தாகித் தகப்பனில்லாமல் நின்ற தம்பியை ஆளாக்கியவர். நாளைக்கு அவர் இல்லாமல் நிக்காஹ் நடந்தால், அதன் பிறகு எந்தப் பெருநாளுக்கும் கோமாரிக் கதவைத் தட்ட முடியாது. இது பந்தலில் நின்ற எல்லோருக்கும் தெரிந்தது.

“மச்சான்,” என்றார் என்னைப் பார்த்து. “காக்காக்கு நானே போய்ச் செல்றதுக்குத்தான் வெச்சிரிந்தன். வேலைக்குள்ள தவறிப் போனாலும் லிஸ்ட்ல வரும்தானே எண்டு இரிந்தன். மிச்சம் ஆருமில்ல எண்டு நீதானே காட்டின?”

சாப்பாட்டுக் கணக்குப் பார்க்க மடிக்கணினியோடு வந்திருந்த ஜெசிந்தா அதை ஒரு கதிரையில் வைத்துத் திறந்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“சேர், சின்னதா ஒண்டு பாக்கோணும்” என்றாள். நான் கதிரையருகே குனிந்தேன்.

“பெரியவர்ட வீடு கிடக்குது சேர். அழைப்புத்தான் இல்ல. அவருக்கு நாம காட் எழுதவே இல்லையே.”

அப்போதுதான் விளங்கியது. வீடுகளையும் அழைப்புகளையும் சேர்த்துப் பார்க்கும்போது, சோடி கிடைக்காத வீட்டையும் விட்டுவிடாதே என்று சொல்லத்தான் வெளியிணைப்பு. அதை ஒழுங்காகப் போட்டிருந்தேன். போட்டுவிட்டு, இணைத்து முடிந்த பிறகு வாசலில் ஒரு காவல்காரனை நிறுத்தியிருந்தேன்: ‘அழைப்பின் நிலை கொடுத்தாயிற்று இல்லை என்றால் மட்டும் உள்ளே விடு.’ கார்ட் எழுதிக் கொடுக்காமல் கிடக்கும் வீடு அவனுக்கு நல்ல பதில் சொல்லும், உள்ளே போகும். அழைப்பே இல்லாத வீட்டிடம் நிலையைக் கேட்டால் அது என்ன சொல்லும்? ஆம் என்றும் சொல்லாது, இல்லை என்றும் சொல்லாது. ஆம் என்று கேட்காதவரை காவல்காரன் கதவைத் திறக்கமாட்டான். வெளியிணைப்பு கையைப் பிடித்துக் கூட்டிவந்த ஆட்களை நானே வாசலில் வைத்துக் கழுத்தைப் பிடித்துத் தள்ளியிருந்தேன். கார்ட் எழுதாதது யாருக்கு? மிக நெருங்கியவர்களுக்கு. எங்கள் நிரல் தேர்ந்தெடுத்துத் தொலைத்தது அவர்களைத்தான்.

இந்தக் கண்டுபிடிப்பில் எனக்கு ஒரு சந்தோஷமே வந்துவிட்டது. “மச்சான், பாரு, இணைப்புச் சரி. வலப்பக்கத்து நிபந்தனையைத்தான் இணைப்புக்குள்ளேயே வெச்சிரிக்கணும், பின்னால வெச்சதால...” என்று தொடங்கினேன்.

“மச்சான்,” என்றார் ஹாஜியார். “வீடு பத்தி எரியக்குள்ள நெருப்புப் பெட்டிட வரலாறு செல்லாத. ஆரெல்லாம் விடுபட்டிரிக்கு எண்டு செல்லு.”

எந்தப் பாடநெறியிலும் நான் கற்காத பாடம் அது. ஏன் பிழைத்தது என்பது நமக்கு ருசியான கேள்வி. யார் அடிபட்டார் என்பதுதான் முதல் கேள்வி.

நான் பழைய வரிகளுக்கு நடுவே ஒரு ‘அல்லது’ செருகப் போனேன். ஜெசிந்தா என் கையைத் தடுத்தாள்.

“அத இப்ப தொடாதீங்க சேர். அவசரத்தில தொட்டா இன்னொண்டு பிழைக்கும்.” புதிதாகச் சின்னதாக ஒன்று எழுதினாள். ‘கொடுத்தாயிற்று’ என்ற நிபந்தனையை இணைக்கும் இடத்திலேயே வைத்தாள். பிறகு, வலப்பக்கத்தில் ஒன்றும் வந்து சேராத வீடுகளை மட்டும் கேட்டாள். விடை வந்தது. ஹாஜியார் எட்டிப் பார்த்தார். அவள் திரையைச் சாய்த்துக்கொண்டாள்.

“பொறுங்க சேர். சொன்ன வீடும் சொல்லாத வீடும் சேந்தா மொத்த வீடு வருதா எண்டு பாத்திட்டு வாசிக்கிறன். இன்னொருக்கா ஓராள விட ஏலாது.”

கூட்டிப் பார்த்தாள். சரியாக வந்தது. வாசித்தாள். ஹாஜியார் மனைவியின் தங்கை வீடு. பக்கத்து வீடு, கலியாணச் சட்டிபானை முழுக்க அந்த வீட்டுக் குசினியில்தான் கிடந்தது. மணப்பெண்ணுக்கு ஓதக் கற்றுக்கொடுத்த மௌலவி. ஒவ்வொரு பெயருக்கும் ஹாஜியார் “யா அல்லாஹ்” என்றார். ஒரு மனிதனுக்கு யார் யார் எவ்வளவு நெருக்கம் என்று கணக்கெடுக்க அதைவிட நல்ல நிரல் ஒருவரும் எழுதியதில்லை.

கடைசிப் பெயருக்கு வந்ததும் ஜெசிந்தா நிறுத்தி என்னைப் பார்த்தாள். நானும் திரையைப் பார்த்துவிட்டேன். வாசிக்காதே என்று தலையை ஆட்டினேன். அவருடைய அந்த நிலையில் என் ரோசத்தையும் தூக்கி மடியில் வைக்க மனம் வரவில்லை.

“முடிஞ்சுது சேர்” என்றாள். அவள் பொய் சொல்லிக் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

கிட்ட உள்ள வீடுகளுக்கு ஹாஜியாரின் மனைவியும் மகன்மாரும் ஓட்டோவில் புறப்பட்டார்கள். கோமாரிக்கு யாராவது கார்ட் கொண்டு போகட்டுமா என்று கேட்ட மருமகனை ஹாஜியார் பார்த்த பார்வையில் அவன் பந்தலுக்குப் பின்னால் போய்விட்டான்.

“நான்தான் போகணும். மச்சான், வேன எடு.”

எனக்கு வேன் ஓட்டத் தெரியுமா என்பது ஊரில் இரண்டு கருத்து உள்ள விஷயம். ஆனால் அந்நேரம் கை சும்மா இருந்தவன் நான் ஒருவன்தான். அக்கரைப்பற்றைத் தாண்டும்போது சொன்னேன்: “கம்பியூட்டர் பிழ எண்டு செல்லிருவமே. உண்மையும் அதுதானே.”

“காக்காக்கிட்டப் போய்க் கம்பியூட்டர் மறந்துட்டு எண்டு சென்னா என்ன கேப்பார் தெரியுமா? ‘கம்பியூட்டர் மறந்தா மறக்கட்டும், உனக்கு என்னடா நடந்த?’ எண்டு கேப்பார். அதுக்கு நீ பதில் எழுதித் தாறியா?”

திருக்கோவில் தாண்டும்வரை இருவரும் கடலைப் பார்த்துக்கொண்டு போனோம். அவர் பார்த்தார் என்று திருத்திக்கொள்கிறேன். நான் வீதியைப் பார்த்தேன்.

கோமாரியில் மூத்தவர் தென்னை நிழலில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார். ஸலாத்துக்குப் பதில் சொன்னார். தேத்தண்ணி வந்தது. குடித்தோம்.

“தேங்கா வந்து சேந்திச்சா?”

“சேந்திச்சு காக்கா.”

“காணுமா?”

“காணும் காக்கா.”

“பெரிய காயாப் பொறுக்கித்தான் அனுப்பின. வட்டிலாப்பத்துக்குச் சின்னக் காய் சரிவராது.”

“ஓம் காக்கா.”

ஹாஜியார் கோப்பையை நிலத்தில் வைத்தார்.

“காக்கா, நாளைக்கு உங்கட மகளுக்குக் கலியாணம். நீங்களும் மதினியும் வந்து நிண்டு நடத்தித் தரோணும். முந்தியே வந்து செல்லியிரிக்கணும். வரல்ல. பிழ என்னிலதான்.”

கம்பியூட்டரைப் பற்றி ஒரு சொல் இல்லை. மூத்தவர் கதிரையை விட்டு எழுந்தார்.

“இப்பதானே செல்றாய்? செல்லாம எப்படி வாற?” உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தார். “கேட்டயா? தம்பி வந்து செல்லிட்டான். வெளிக்கிடு.”

மதினி வெளிக்கிட்டு, பேக்கும் கையுமாகத்தான் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தார். “நான் காலத்தாலயே வெளிக்கிட்டுத்தான் இரிக்கன். லொறியிலயே போவம் எண்டன். தேங்காயோட தேங்காயாப் போக ஏலாது எண்டுட்டார் உங்கட காக்கா.”

திரும்பி வரும்போது மூத்தவர் முன் சீட்டில் என் பக்கத்தில் இருந்தார்.

“நீ மஜீத்தானே? இவனோட படிச்ச மஜீத்.”

“ஓம் காக்கா.”

“கலியாண வேலையெல்லாம் ஓடியாடிச் செய்றாயாம். நல்லம். உனக்கு எப்ப வந்து செல்லின?”

அந்தக் கேள்விக்குப் பதிலாக நான் கியர் மாற்றினேன். தேவையில்லாத கியர். வேன் துள்ளியது. மூத்தவர் பின்னால் திரும்பினார்.

“டேய், இவனுக்குச் செல்லல்லையா?”

“இவனுக்கா?” என்றார் ஹாஜியார். “இவன் உள்ளுக்க உள்ள ஆள் காக்கா. இவனுக்கு எப்படிக் காட் குடுக்கிற? வாயாலதான்... லிஸ்ட்ல வரும்தானே எண்டு...” பின்னாலிருந்து என் தோளைப் பிடித்தார். “மச்சான், ஜெசிந்தா உண்ட பேர வாசிக்கல்லையே?”

“நான்தான் வாசிக்க வேணாமெண்ட.”

“எப்ப இரிந்து மனசுக்க வெச்சிரிக்காய்?”

“பலூடா குடிச்ச நாள்ல இரிந்து.”

“அதுதான் கிளாஸ டம் எண்டு வெச்சாயா? வாயத் திறந்து ஒரு சொல் கேட்டிரிந்தா அண்டைக்கே இந்தப் பிழ பிடிபட்டிரிக்குமேடா! காக்காக்கு இந்த நெல வந்திரிக்காதே!” அவர் சொன்னது சரி. ரோசத்தோடு மௌனமாக இருந்த பயனர் ஒருவர், அவரே நிரலை எழுதியவரும். இந்தச் சோடி எங்கும் கிடைக்காது.

“சரி, இப்ப செல்றன் மச்சான். நாளைக்கு...”

மூத்தவர் கையை உயர்த்தினார். “நிப்பாட்டு. ஓடுற வேனுக்குள்ள, முதுகுக்குப் பின்னால இரிந்தா செல்ற? அவண்ட வீட்ட போய்ச் செல்லு. நானும் வாறன்.”

இப்படியாக, என்னை அழைக்க வந்தவர்களை நானே வேனில் ஏற்றி என் வீட்டுக்கு ஓட்டி வந்தேன். கேற்றடியில் நிறுத்தியதும் மூத்தவர் சொன்னார்: “நீ முன்னால போய் உள்ளுக்க இரி.”

ஓடினேன். மனைவி வாசலில் நின்றாள்.

“என்ன, வேனெல்லாம் வந்து நிக்கிது?”

“கதிரையப் போடு. நமக்குக் கலியாணம் செல்ல வந்திரிக்காங்க.”

“ஆரு கூட்டி வந்த?”

“நான்தான்.”

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். வெளியே செருப்புக் கழற்றும் சத்தம் கேட்டது. “அஸ்ஸலாமு அலைக்கும்” என்றது ஹாஜியாரின் குரல், அன்றைக்குத்தான் என்னை முதன்முதல் காண்பதுபோல. வியர்த்த சட்டையோடு, வேனின் திறப்புச் சாவியைக் கையில் ஒளித்துக்கொண்டு, நான் வாசலுக்குப் போனேன்.

“வ அலைக்குமுஸ்ஸலாம். வாங்க, வாங்க. என்ன இந்தப் பக்கம்?”

கலியாணம் நல்லபடி நடந்தது. மூத்தவரோடு ஒரே சகனில் உட்கார்ந்து சாப்பிட்டேன். அடுத்த கிழமை ஜெசிந்தா யாரையும் கேட்காமல் சோதனைத் தரவில் அந்த வீட்டைச் சேர்த்தாள்: அழைப்பு இல்லை, நிலை இல்லை, பெயர் மட்டும். எங்களிடமிருந்து வெளியே போன ஒவ்வொரு தேடலும் அந்த வீட்டைக் காட்டித் தேறிய பிறகுதான் போனது.

ஆகவே, அதை அங்கேயே விட்டுவையுங்கள். வெளியிணைப்பு ஒன்றை எழுதி, வலப்பக்கத்துக்கு ஒரு நிபந்தனை போட்டால், மஜீத் வீடு இன்னும் நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் சரி. காணாமல் போயிருந்தால் உடனே கேளுங்கள், ரோசப்படாமல், பலூடா வருவதற்கு முதல். அப்படியும் தவறிவிட்டால் ஒரு வேன் பிடித்து வையுங்கள். கழுத்து நோவோடும் ஓட்ட வருவேன். ஆனால் கோல் எடுக்கக் கூடாது. வீட்டுக்கு வந்துதான் சொல்ல வேண்டும்.